வளவுப் பக்கம்: புரட்டாதிக் கடிதங்கள்

வீட்டுத்தோட்டம் பற்றி வாசகர்கள் எழுதிய இந்த மாதக் கடிதங்களைத் திண்ணையில் பரப்பி, சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று தூக்கிக்கொண்டு போகாமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைத்துப் படித்தேன். பெரும்பாலான கடிதங்கள் ஒரே வரியில்தான் முடிகின்றன: “இதற்கு என்ன மருந்து அடிக்கலாம்?” 31 வருடம் விவசாயப் போதனாசிரியராக வட இலங்கையின் வன்னிக் கிராமங்களில் திரிந்த காலத்திலும் இதையேதான் என்னிடம் கேட்டார்கள்.

மருந்தே கூடாது என்று நான் சொல்வதில்லை. ஆனால் நம்முடைய வளவுகளில், வீட்டைச் சுற்றிய நிலத்தில், பயிர் கெடுவதற்கு முதற் காரணம் மாதம் தவறி நடுவது. அடுத்த காரணம் தண்ணீர். பூச்சிக்கு மூன்றாம் இடம்தான் கொடுப்பேன். வருடத்து மழையின் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வைகாசியில், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கையோடு சோளகம் பிடித்தால், புரட்டாதி வரை மண்ணையும் இலையையும் சேர்த்து உலர்த்துகிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் நட்ட செடிக்கு எந்த மருந்தும் உதவாது. மாரிக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. ஆகையால் மழைக்கு முன் மண்வெட்டி எடுக்க வேண்டிய கடிதங்களுக்கே இந்த முறை இடம் கொடுத்திருக்கிறேன்.

*

கேள்வி: 2022 இல் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தந்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னபோது நானும் தொடங்கினேன். அந்த வருடமும் அடுத்த வருடங்களும் அதே மாதத்தில் தக்காளி வைத்தேன். செடி செழித்துப் பூக்கிறது, பூவெல்லாம் கொட்டிவிடுகிறது. தப்பிப் பிடித்த காய்களும் அடி கறுத்து அழுகுகின்றன. எனக்குக் கைராசி இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.
– அரச அலுவலர், கிளிநொச்சி

பதில்: உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை, தம்பி. அந்த விடுமுறை வந்தது ஆனி மாதத்தில். தென்மேற்குப் பருவமழை நனைக்கும் கொழும்பிலும் களுத்துறையிலும் அப்போது நிலம் ஈரமாக இருக்கும். நமக்கு அதே காற்று மழையை அங்கேயே இறக்கிவிட்டு, வெறும் வறட்சியாக வந்து சேர்கிறது. அந்த வருடம் எத்தனை அலுவலர் வளவுகளில் நாற்றுகள் கருகின என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பசளை கிடைக்காமல் எல்லோரும் தவித்த காலம் அது. அக்கறையோடு தொடங்கியவர்கள் மனம் உடைந்து விட்டுவிட்டார்கள். நீங்கள் விடாமல் இருப்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

தக்காளியின் மகரந்தம் சூட்டைத் தாங்காது. பகலில் 32 பாகை செல்சியஸைத் தாண்டி, இரவிலும் 24 பாகைக்குக் கீழே இறங்காமல் இருந்தால் பூ கருக்கட்டாமல் உதிரும். மக்கள் பகல் வெயிலை மட்டும் பார்த்துக் கிடுகு போடுகிறார்கள். இரவுப் புழுக்கத்துக்குக் கிடுகு என்ன செய்யும்? பூ வரும் நாட்கள் குளிர்ந்த இரவுகளோடு பொருந்த வேண்டும். நமக்கு அந்த இரவுகள் மார்கழிக் கடைசியிலும் தையிலும்தான் கிடைக்கின்றன. அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நட்டு ஏறத்தாழ ஒரு மாதத்தில் பூ வரும். நாற்றுமேடையில் மூன்று நான்கு கிழமை நிற்கும். ஆக, ஐப்பசிக் கடைசியில் ஒரு தாழ்வாரத்துக்குக் கீழே, அடைமழை நேரே விழாத இடத்தில் விதையைப் போட்டு, கார்த்திகைப் பெருமழை ஓய்ந்ததும் உயர்ந்த பாத்தியில் நட்டுவிடுங்கள். மாசியில் பழம் பறிக்கலாம்.

அடி கறுப்பது நோயல்ல. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச்சத்துப் போய்ச் சேராததால் வருவது. மண்ணில் அது இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது அதுதான். அந்தச் சத்து தண்ணீரோடு மட்டுமே செடிக்குள் ஏறும். மூன்று நாள் காயவிட்டு நான்காம் நாள் வெள்ளமாக விட்டால் ஏற்றம் அறுந்து அறுந்து போகும். முட்டைக்கோது புதைத்தால் சரியாகும் என்று சொல்வார்கள். கோது மண்ணில் கரையவே மாதக்கணக்காகும். ஒவ்வொரு நாள் காலையும் ஒரே அளவு தண்ணீர், அடியில் நான்கு விரல் கனத்துக்கு வைக்கோல், யூரியாவில் கொஞ்சம் கைச்சிக்கனம். இவ்வளவும் போதும்.

*

கேள்வி: கத்தரிச் செடி காலையில் பச்சையாக நிற்கிறது, மத்தியானம் தலை சாய்கிறது, மூன்றாம் நாள் முழுதாக வாடி விழுகிறது. இலையில் ஒரு புள்ளிகூட இல்லை. தண்ணீர் விட்டாலும் எழும்பவில்லை. வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறது. கடையில் மூன்று வகை மருந்து வாங்கி அடித்துவிட்டேன்.
– குடும்பத் தலைவி, செட்டிகுளம்

பதில்: தங்கச்சி, நான்காவது போத்தல் வாங்க வேண்டாம். முதலில் ஒரு கண்ணாடிக் குவளை எடுங்கள். இன்று வாடத் தொடங்கிய செடி ஒன்றின் தண்டை மண்ணுக்குச் சற்று மேலே வெட்டி, ஒரு விரல் நீளத் துண்டு எடுத்து, தெளிந்த தண்ணீருக்குள் வெட்டுமுகம் தொங்கும்படி ஆடாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால்நூல் போல வெள்ளையாக ஏதும் இறங்கினால் அது பற்றீரியா வாடல். பால் இறங்காமல், இலைகள் கீழிருந்து மெதுவாக மஞ்சளாகிக்கொண்டு வந்து, தண்டைப் பிளந்தால் உள்ளே மண்ணிறமாக இருந்தால் அது பூஞ்சண வாடல். கொழுந்து சாய்ந்து வாடி, அடியில் சிறு துளையும் எச்சமும் தெரிந்தால் அது தண்டு துளைக்கும் புழு. ஒரு குவளைத் தண்ணீர் சொல்வதைக் கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், பச்சையாகவே இரண்டு மூன்று நாளில் விழுவது பற்றீரியா வாடலின் குணம். கிருமி மண்ணில் இருந்து வேர் வழியாக ஏறித் தண்ணீர்க் குழாய்களை அடைத்துவிடுகிறது. அதனால்தான் ஈர மண்ணில் நின்றும் செடி தாகத்தில் சாகிறது. இலைக்கு அடிக்கும் மருந்து அதைத் தொடாது. வந்த செடியைக் காப்பாற்ற வழியில்லை என்பதை மனம் நோகாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். மற்றவற்றைக் காப்பாற்றலாம்.

விழுந்த செடியை வேரோடும் வேரைச் சுற்றிய மண்ணோடும் எடுத்து, வளவுக்குள் எருக்கும்பத்தில் போடாமல் எரித்துவிடுங்கள். மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்திக்குக் கொண்டுபோக வேண்டாம். மிக முக்கியமாக, வாய்க்கால் வழியாகப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் பாய்ச்சுவதை இன்றே நிறுத்தி, செடிக்குச் செடி வாளியால் விடுங்கள். “வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக” என்று எழுதியிருக்கிறீர்கள். கிருமியைச் சுமந்து செல்வது உங்கள் வாய்க்கால்தான்.

அந்த இடத்தில் குறைந்தது மூன்று வருடம் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு எதுவும் வேண்டாம். நான்கும் ஒரே குடும்பம். நிலக்கடலையும் இஞ்சியும்கூட இந்த வாடலுக்குப் பிடிபடக்கூடியவை. சோளன், குரக்கன், கௌபி, வெங்காயம் என்று மாற்றுங்கள். கத்தரி இல்லாமல் குழம்பு எப்படி என்று கேட்பீர்கள். வேலியோரம் தானாக முளைக்கும் சுண்டையின் வேர் இந்த வாடலுக்கும் வேரில் முடிச்சுப் போடும் நூற்புழுவுக்கும் நன்றாக ஈடுகொடுக்கும். சுண்டைக் கன்றின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, அதே பருமனான கத்தரி நுனியை ஆப்புப் போலச் சீவிச் செருகிக் கட்டி, ஒரு கிழமை நிழலில் ஈரமாக மூடி வைத்தால் ஒட்டிக்கொள்ளும். நான் முதல்முறை பத்துச் செய்து மூன்றுதான் பிடித்தது. அந்த மூன்றும் இரண்டாம் வருடமும் காய்த்தன.

*

கேள்வி: கடையில் வாங்கிய ரெட் லேடிப் பப்பாசிப் பழத்தின் விதையைப் போட்டு 12 கன்று வைத்தேன். சிலதில் நீளக் காய், சிலதில் உருண்டைக் காய், ஒன்றில் வெறும் பூச்சரம். போன மாரியில் ஐந்து மரம் அப்படியே விழுந்து செத்துவிட்டது. இந்த முறை என்ன செய்ய?
– விவசாயி, விசுவமடு

பதில்: ஐயா, இரண்டு விடயத்தையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

ரெட் லேடி ஒரு கலப்பினம். அதன் பழத்து விதை தாயைப் போல வராது. பப்பாசியில் ஆண், பெண், இருபால் என்று மூன்று வகை மரம் உண்டு. நீளக் காய் தருவது இருபால் மரம், உருண்டைக் காய் பெண் மரம், நீண்ட காம்பில் தொங்கும் பூச்சரம் ஆண் மரம். இருபால் மரம் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டியிருந்தால் அதன் விதையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு இருபாலாகவும் ஒன்று பெண்ணாகவும் வரும். பக்கத்தில் ஆண் மரம் நின்று அதன் மகரந்தம் கலந்திருந்தால் ஆண் கன்றும் வரும். கன்றாக இருக்கும்போது கண்ணால் பார்த்து எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்பவரை நம்ப வேண்டாம். குழிக்கு மூன்று கன்று வையுங்கள். நான்கைந்து மாதத்தில் பூ வந்ததும் பார்த்து, நல்லதை நிறுத்தி மற்ற இரண்டையும் வெட்டிவிடுங்கள். வளர்த்த கன்றை வெட்டக் கை வராது. வெட்டாவிட்டால் மூன்றும் ஒன்றையொன்று கெடுக்கும்.

மாரியில் செத்ததற்குக் காரணம் நீங்கள் தோண்டிய குழிதான் என்று நினைக்கிறேன். நம்முடைய செங்கபில மண் கோடையில் பாறை, மாரியில் களி. அதில் இரண்டடிக் குழி வெட்டி எருவும் மேல்மண்ணும் போட்டு நட்டால், சுற்றியிருக்கும் இறுகிய மண்ணுக்குள் அந்தக் குழி ஒரு தொட்டியாகிவிடுகிறது. மழைத்தண்ணீர் எல்லாம் அதற்குள் இறங்கி நிற்கும். பப்பாசி வேருக்கு மூச்சு வேண்டும். இரண்டு நாள் தண்ணீர் கட்டி நின்றாலே அழுகத் தொடங்கும். 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது என்னுடைய 20 மரங்களில் தப்பியது நான்கு. அந்த நான்கும் பழைய கிணற்று மண் கொட்டிய மேட்டில் நின்றவை. போதனாசிரியராக மற்றவர்களுக்கு வடிகால் வெட்டச் சொன்னவள் நான். என்னுடைய வளவில் அதைச் செய்யாமல் விட்டதை இன்றைக்கும் நினைத்து வருந்துகிறேன்.

ஆகவே இந்த மாதமே குழியை விடுத்து மேடு போடுங்கள். நான்கடி அகலம், முழங்கால் உயரம். குளத்து வண்டலும் மக்கிய மாட்டெருவும் மேல்மண்ணும் கலந்து குவித்து, மேடுகளுக்கு நடுவே தண்ணீர் ஓட வாய்க்கால் எடுத்து, வளவின் தாழ்ந்த பக்கம் கொண்டுபோய் விடுங்கள். அந்தத் தாழ்ந்த மூலையில் வாழை வையுங்கள், அது பப்பாசியைவிட ஈரத்தைப் பொறுக்கும். முட்டு மட்டும் கொடுத்துவிடுங்கள். 2020 கார்த்திகையில் புரெவிப் புயல் வந்த இரவு முட்டுக் கொடுக்காத குலைகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

*

கேள்வி: நான் ஏழாம் வகுப்பில் படிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தந்த பூசணி விதையை நட்டேன். நிறையப் பூக்கிறது, ஒரு காயும் வரவில்லை. அம்மம்மாவின் பாகல் காய்க்கிறது, ஆனால் எல்லாக் காயும் வளைந்து உள்ளே புழு.
– மாணவன், மல்லாவி

பதில்: கெட்டிக்காரத் தம்பி, இரண்டையும் கவனித்து எழுதியிருக்கிறாய். நாளைக் காலை ஆறு மணிக்குப் பூசணிக் கொடிக்குப் போ. பூவின் பின்பக்கத்தைப் பார். மெல்லிய காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ, குட்டிப் பூசணி போல ஒரு உருண்டை இருந்தால் பெண் பூ. பூசணி முதலில் ஆண் பூக்களையே பூக்கும், பெண் பூ ஒன்றிரண்டு கிழமை கழித்துத்தான் வரும். பெண் பூ வந்தும் உருண்டை மஞ்சளாகி விழுந்தால் தேனீ வரவில்லை என்று அர்த்தம். அப்போது ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவு. எட்டு மணிக்கு முன் செய்துவிடு, வெயில் ஏறினால் பூ மூடிவிடும். பக்கத்தில் புடோல் இருந்தால் இரவில் விளக்கோடு போய்ப் பார்த்து எனக்கு எழுது. அதன் பூ பொழுது சாய்ந்த பிறகுதான் தன் வெள்ளை நூல்களை விரிக்கும்.

அம்மம்மாவின் பாகலில் இருப்பது பழ ஈயின் புழு. ஈ பிஞ்சின் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும், குத்திய பக்கம் வளராமல் காய் வளையும். முட்டை உள்ளே போனபின் மேலே எதை அடித்தும் பயனில்லை. பூ வாடி இரண்டு மூன்று நாளில் பிஞ்சைப் பத்திரிகைத் தாள் உறையால் மூடிக் காம்பில் நூலால் கட்டிவிடு. கெட்ட காய்களை வேலிக்கு அப்பால் எறிய வேண்டாம். புழு காயிலிருந்து இறங்கி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். கெட்டதையெல்லாம் கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு கிழமை வெயிலில் போட்டால் உள்ளேயே வெந்துவிடும்.

அம்மம்மாவுக்கு ஒரு செய்தி சொல். துளசிச் சாறு வைத்த போத்தல் பொறி மாமரத்துப் பழ ஈயை இழுக்கும், துளசியில் அந்த ஈ விரும்பும் மணம் இருக்கிறது. பாகல், புடோலுக்கு வருவது வேறு இன ஈ. அது துளசிக்கு மயங்காது. பலர் இதை அறியாமல் பாகல் பந்தலில் துளசிப் போத்தல் தொங்கவிட்டு ஏமாறுகிறார்கள்.

*

கேள்வி: கிணற்றுத் தண்ணீர் ஆடி பிறந்தால் உவர்க்கிறது. போஞ்சி, வெங்காயம் எல்லாம் இலை விளிம்பு எரிந்து போகிறது. வேறு கிணறு வெட்டலாமா?
– கடற்றொழிலாளியின் மனைவி, அளம்பில்

பதில்: வெட்டுவதற்கு முன் உங்கள் தண்ணீர்ப் பம்பைக் கொஞ்சம் ஓய விடுங்கள். கரையோர மணலுக்குள் மழையின் நன்னீர் பாரமான உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. துலாவால் இறைத்த நாட்களில் மேற்படையை மட்டும் மெதுவாக அள்ளினோம். பம்பு ஒரே மூச்சில் உறிஞ்சும்போது கீழிருக்கும் உவர் மேலே ஏறிவருகிறது. ஆழமாக வெட்டினால் உவருக்கு இன்னும் கிட்டப் போவீர்கள். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று பிரித்து இறையுங்கள்.

போஞ்சியும் வெங்காயமும் தேசியும் தோடையும் உவரை மிகவும் வெறுப்பவை. அவற்றை மாரிமழைத் தண்ணீரில் மட்டும் வையுங்கள். ஆடி தாண்டியும் நிற்க வேண்டிய இடத்தில் தென்னை, முருங்கை, சப்போட்டா, மாதுளை, இலந்தை வையுங்கள். மரக்கறியில் பீற்றூட் நன்றாகத் தாங்கும். உவர்த் தண்ணீரை இலை மேல் தெளிக்க வேண்டாம், அடியில் விடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் நனைத்தால் உப்பு மேல்மண்ணிலேயே வெள்ளையாகப் பூக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள், வேருக்குக் கீழே இறங்கும் அளவுக்கு விட்டால் உப்பும் சேர்ந்து இறங்கும். மேலே தென்னோலையோ தேங்காய்ப் பொச்சோ பரப்பி வெயிலை மறையுங்கள். முதல் மழையின்போது பாத்தி வரம்பை உயர்த்திக் கட்டி, விழும் தண்ணீரை ஓடவிடாமல் அங்கேயே இறங்க வையுங்கள். மண்ணிலிருக்கும் உப்பைக் கழுவ அதைவிட மலிவான வழியில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையில் பல வளவுகளை நாங்கள் மீட்டது அப்படித்தான்.

*

கேள்வி: வளவின் பின்பக்கப் பற்றையை வெட்டி எருக்குழி தோண்டும்போது துருப்பிடித்த உருளை போல ஒன்று தெரிகிறது. இரும்புக்குப் போடலாமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: தொட வேண்டாம். அது போர்க்காலத்து வெடிபொருளாக இருக்கலாம். மண்வெட்டியால் தட்டிப் பார்க்க வேண்டாம். அந்த இடத்தில் குப்பையோ பற்றையோ எரிக்க வேண்டாம், சூட்டிலும் வெடிக்கும். வந்த கால்தடத்திலேயே திரும்பி, தூரத்தில் ஒரு தடியில் சிவப்புத் துணி கட்டி, பிள்ளைகளையும் மாடுகளையும் விலக்கி, கிராம அலுவலருக்கும் பொலிஸுக்கும் உடனே சொல்லுங்கள். இரும்பு விலைக்கு ஆசைப்பட்டுக் கைகளையும் உயிரையும் இழந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அதற்குரியவர்கள் வந்து எடுத்துச் சென்று, இடம் சரி என்று சொல்லும் வரை அந்தப் பக்கம் தோட்டம் வேண்டாம். எருக்குழிக்கு வீட்டு முற்றத்தில் இடம் பாருங்கள். நிலத்தை வெட்டாமல் நான்கு வேலிக் கதியால் நட்டுக் கிடுகு அடைத்து மேலேயே குவித்தாலும் எரு மக்கும்.

*

கேள்வி: குரங்கு, மயில், கட்டாக்காலி மாடு, இரவில் காட்டுப்பன்றி. எதைத்தான் நடுவது? வேலிக்கு மின்சாரம் கொடுக்கலாமா?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பிக்கு இழுக்கவே கூடாது. அதில் பன்றி அகப்படுவதற்கு முன் பக்கத்து வீட்டுப் பிள்ளை அகப்படும். கம்பியில் கால் பட்டதும் சுடும் கட்டுத்துவக்கும், கடித்ததும் வெடிக்கும் பன்றிவெடியும் அப்படித்தான். ஒரு பாத்தி மரவள்ளிக்காக ஓர் உயிர் போவதை நினைத்துப் பார்க்கவும் என்னால் முடியாது.

மாட்டுக்கும் பன்றிக்கும் உயிர்வேலிதான். இப்போதே கிளுவை, சீமைக்கிளுவைக் கதியால்களைப் பெருவிரலைவிடப் பருமனாக, ஆளுயரத்தில் வெட்டி நெருக்கமாக நாட்டுங்கள். முதல் மழைக்கு வேர்விடும். அடியில் பன்றி மூக்கு நுழையாதபடி பனங்குற்றி போட்டு அடையுங்கள். சீமைக்கிளுவைக் குழை வெட்ட வெட்ட நல்ல பசளை.

குரங்குக்குச் சொல்ல என்னிடம் முழுத் தீர்வு இல்லை. வெடி கொளுத்தினால் மூன்று நாள் பயப்படும். பொம்மை கட்டினால் அதன் தோளில் ஏறி இருக்கும். வீட்டை ஒட்டிப் பத்தடிக்குப் பத்தடி இடத்தை மேலும் பக்கமும் வலையால் மூடி, அதற்குள் தக்காளியும் பயற்றங்காயும் வையுங்கள். வெளியே மிளகாய், பாகல், மஞ்சள், இஞ்சி, கறிவேப்பிலை. இவற்றையும் பிய்த்துப் பார்க்கும், ஆனால் உட்கார்ந்து தின்னாது. வாழைக்குலையைச் சாக்கால் மூடி, முக்கால் முற்றலில் வெட்டி வீட்டுக்குள் பழுக்க வையுங்கள்.

*

சுருக்கமாகச் சில.

தேசிக் கன்றில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது எச்சமல்ல என்று கண்டுபிடித்த மாங்குளம் வாசகிக்குப் பாராட்டு. அது வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு, வளர்ந்தால் பச்சையாகும். சிறு கன்றென்றால் கையால் பொறுக்கிவிடுங்கள். பெரிய மரமென்றால் விட்டுவிடுங்கள், மரம் தாங்கும்.

பப்பாசியிலும் கொய்யாவிலும் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டும் பூச்சிக்கு முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, பிறகு வேப்பங்கொட்டைச் சாறு. ஆடியில் பொறுக்கி நிழலில் உலர்த்திய கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளிக்க வேண்டும். வெயிலில் அதன் வீரியம் குறைந்துவிடும்.

*

கேள்வி: 2009 போரில் இடம்பெயர்ந்து நாங்கள் இருந்த செட்டிகுளம் முகாமில் ஒருவர் தந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் கொட்டையை அம்மா சீலைத்தலைப்பில் முடிந்து வைத்திருந்து, ஊர் திரும்பியதும் கிணற்றடியில் நட்டார். இப்போது கூரையை விட உயரம். இதுவரை ஒரு பூ இல்லை. வெட்டிவிட்டுப் புது ஒட்டுக்கன்று வை என்கிறார்கள். அம்மா இப்போது இல்லை. அப்பா வெட்ட விடமாட்டேன் என்கிறார்.
– மகள், உடையார்கட்டு

பதில்: பிள்ளை, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்துபோய் என்னுடைய மாமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். 2010 இல் நாங்கள் முள்ளியவளைக்குத் திரும்பி வந்தபோது பழைய வளவில் நின்ற மரங்களில் அது ஒன்றுதான் பாதி எரிந்து, பாதி தளிர்த்து நின்றது. அப்பா சொல்வது சரி. வெட்ட வேண்டாம்.

கொட்டையிலிருந்து வந்த மரம் காய்க்க ஏழெட்டு வருடம், சில வேளை அதற்கு மேலும் எடுக்கும். உங்கள் மரம் அந்த வயதைத் தாண்டிவிட்டது. குறை அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. கிணற்றடியில் குளிக்கும் தண்ணீரும் துவைக்கும் தண்ணீரும் வருடம் முழுக்க அதன் வேருக்கே போகின்றன. மாமரத்துக்கு மாரி முடிந்ததும் ஒரு தாகம் வேண்டும். தை, மாசியின் குளிரும் வறட்சியும் சேர்ந்து அடித்தால்தான் நுனிகள் பூவாகும். தண்ணீர் குறையாத மரம் பூக்காமல் இலையையே துளிர்க்கும்.

கிணற்றடித் தண்ணீரை இப்போதே ஒரு வாய்க்கால் வெட்டி வாழைப் பக்கம் திருப்புங்கள். எருவும் யூரியாவும் இரண்டு வருடம் மரத்தடிக்கு வேண்டாம். நடுவில் நெருக்கமாக ஒன்றோடொன்று உரசும் கிளைகளை மட்டும் எடுத்து உள்ளே வெயில் விழச் செய்யுங்கள். இரண்டு தை பாருங்கள்.

பூத்துக் காய்த்தாலும் கொட்டைக்கன்றின் பழம் அம்மா சாப்பிட்ட அதே சுவையில் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அதற்கும் வழி உண்டு. இந்தக் கிழமை, கிழக்குப் பக்கக் கிளை ஒன்றை மட்டும், கை எட்டும் உயரத்தில் வாளால் அறுத்து, வெட்டுமுகத்தில் சாணமும் களிமண்ணும் குழைத்துப் பூசுங்கள். மழையோடு அந்த இடத்தில் துளிர்கள் வரும். நல்ல துளிர்கள் மூன்றை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். தை மாதத்தில் அவை பென்சில் பருமனாகும்போது கறுத்தக்கொழும்பான் நுனிகளை அவற்றில் ஒட்டலாம். மரம் அம்மா நட்டதாகவே இருக்கும், கிளை ஒன்றில் நீங்கள் அறிந்த பழம் வரும். பிடிக்காமல் போனாலும் ஒரு கிளைதான் நட்டம்.

ஒட்டுக்கம்பை வெளியே தேட வேண்டாம். என்னுடைய மரமும் கறுத்தக்கொழும்பான்தான். தைப்பொங்கல் கழிந்து ஒருநாள் காலையில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கம்பு காயாமல் கொண்டுபோக ஒரு சாக்கும் கொண்டுவாருங்கள், இங்கே நனைத்துத் தருகிறேன்.